நம் நகரைக் காண ஒரு நாள்

தாமரைக் குளத்துத் தவளை என்று ஒரு வழக்கு நம்மிடையே உண்டு. மலரோடு கூடவே வாழ்ந்தும் அதன் தேனை அறியாதவனைக் குறிக்க அவ்வாறு சொல்வார்கள். சென்னைவாசிகளாகிய நம்மில் பலருக்கு இது பொருந்தும். கோட்டூர்புரத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் குடியிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒருமுறையேனும் காலடி வைக்காத குடும்பங்கள் உள்ளன. அவர்கள் ஆக்ராவுக்குச் சென்று தாஜ்மகாலைக் கண்டிருப்பார்கள். கோவாவுக்குச் சென்று புனித சவேரியாரின் திருவுடலை வணங்கியிருப்பார்கள். ஆனால் அதே சவேரியார் 1545-ஆம் ஆண்டில் நான்கு மாத காலம் தங்கிச் செபித்த மயிலாப்பூர், அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று ரயில் நிலையங்களுக்கு அப்பால்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளியூரிலிருந்து உறவினர் வந்து, "ஒரு நாள் கையில் இருக்கிறது, ஊரைக் காட்டுங்கள்" என்று கேட்கும்போதுதான் இக்குறை வெளிப்படும். வீட்டாருக்குக் கடற்கரையும் கடைத்தெருவும் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது. அல்லது, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் ஒரே நாளில் அடைத்துவிட முயல்வார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதனைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை இடங்கள்?

ஒரே நாளில் பதினொரு இடங்களைக் காணப் புறப்பட்ட பேருந்து ஒன்றில் நான் ஒருமுறை விருந்தினனாகச் சென்றிருக்கிறேன். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நான்காவது இடம் வரையில் ஆர்வம் இருந்தது. ஆறாவது இடத்தில் குழந்தைகள் அழத் தொடங்கின. எட்டாவது இடத்தில் பாதிப்பேர் பேருந்தை விட்டு இறங்கவேயில்லை. இரவு திரும்பும்போது, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த தாயார் ஒருவரிடம் பயணம் எப்படி என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும் எறங்கினோம், ஏறினோம், சாமி. எது எதுன்னுதான் தெரியல" என்றார் அவர். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம் என்பது இதுதான்.

ஆகவே முதல் விதி இது: ஒரு நாளுக்கு நான்கு இடங்கள் போதும். ஓரிடத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகுமென்றால், அங்கே போய்ச் சேரவும், நீர் அருந்தவும், கழிவறை தேடவும், பாட்டி சற்று உட்காரவும் ஏறக்குறைய இன்னொரு மணி நேரம் ஆகும். இந்த இரண்டாவது மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் போடும் திட்டங்கள்தாம் பிற்பகலில் முறிந்துவிடுகின்றன.

இரண்டாவது விதி முதல் விதியினும் முக்கியமானது. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடையைக் கொண்டே நாள் முழுவதையும் அளக்க வேண்டும். தொடக்க நூலில், ஏசா தன் தம்பி யாக்கோபைத் தன்னோடு சேர்ந்து விரைந்து வருமாறு அழைக்கும்போது, பிள்ளைகள் மெல்லியர், ஆடுமாடுகளோ கன்றுகளுக்குப் பாலூட்டுபவை, ஆதலால் அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்லவே வருவேன் என்று யாக்கோபு மறுமொழி கூறுகிறார். ஒரு குடும்பத் தலைவனின் பயண ஞானம் முழுவதும் அந்த மறுமொழியில் அடங்கியிருக்கிறது. இதனை மறந்துவிடும் வீடுகளில் என்ன நேருகிறது? "அம்மாவுக்கு முழங்கால் வலி, அவங்க வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் புறப்படுகிறார்கள். அந்த அம்மாவும் மறுத்துப் பேசாமல் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து வழியனுப்புகிறார். அவருக்கும் கோட்டையைக் காண ஆசை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. அவரும் வரத்தக்கதாக நாளை வகுப்பது கடினமான காரியம் அன்று.

எந்த நாள், எந்த வேளை?

சென்னையைச் சுற்றிப் பார்க்க டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி முடிய உள்ள காலமே உகந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் வாட்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை திட்டத்தைக் கலைத்துவிடும்.

கிழமையையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மெரினாவின் தென்முனையிலுள்ள கலங்கரை விளக்கத்தில் திங்கட்கிழமை பார்வையாளருக்கு அனுமதியில்லை. ஞாயிறு காலையில் ஆலயங்களில் வழிபாடு நடைபெறும். சுற்றிப் பார்ப்போர் அங்குமிங்கும் நடமாடுவது முறையன்று. வாரநாட்களில் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் நெரிசல் மிகுந்திருக்கும். சட்டமன்றம் கூடும் நாட்களில் காவலும் கூடும். ஆகவே சனிக்கிழமையே குடும்பத்துக்கு ஏற்ற நாள். ஆயினும் திறக்கும் வேளையும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை. முதல் நாளே ஒருமுறை விசாரித்துக்கொள்வது நலம். பெரியவர்கள் ஒவ்வொருவரும் அடையாள அட்டை எடுத்துச் செல்லவேண்டும். கோட்டை வாயிலில் அது கேட்கப்படலாம்.

இன்னும் ஒரு முன்னேற்பாடு உண்டு. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்திலேயே இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலைப்பொழுது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சென்னை வரலாற்றைப் பற்றிய நூல்களைக் கேட்டுப் பாருங்கள். காணப்போகும் இடங்கள் நான்கையும் வீட்டிலுள்ள நால்வருக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். அந்தந்த இடத்தின் கதையை அந்தந்தப் பொறுப்பாளர் சொல்லவேண்டும். பத்து வயதுச் சிறுவன் பாட்டிக்கு வழிகாட்டியாகும்போது அவன் மனத்தில் பதிவது வேறெந்த வகையிலும் பதியாது.

வழியும் ஒரு காட்சியே

நாம் வகுக்கும் நாளின் சிறப்பு, நான்கு இடங்களும் ஏறத்தாழ ஒரே ரயில் பாதையில் அமைந்திருப்பதாகும். மக்கள் பறக்கும் ரயில் என்று வழங்கும் அப்பாதை, 1995-இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கி, 1997-இல் மயிலையை எட்டி, 2004-இல் கோட்டூர்புரத்தின் வழியாகத் திருவான்மியூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. காலை எட்டு மணியளவில் கோட்டூர்புரம் நிலையத்தில் ஏறினால், ஒன்பது மணிக்கு முன்னரே கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். இந்நிலையங்கள் பெரும்பாலும் உயரத்தில் அமைந்தவை. ஏறுவதற்குப் படிகள் மிகுதி. முழங்கால் நோவு உடையோரை இருவர் துணையோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் ரயிலில் சென்று சேரலாம். செலவு சிறிது கூடும். ஆனால் நாள் முழுவதும் அவர்களுடைய கால்கள் தாங்கும்.

ரயில் புறப்பட்டதும் பிள்ளைகளைச் சாளரத்தின் ஓரத்தில் நிறுத்துங்கள். முதலில் அடையாற்றைக் கடக்கிறோம். பின்னர் நெடுந்தொலைவு கூடவே வருகிற கரிய நீரோட்டம் பக்கிங்காம் கால்வாய். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இந்தக் கால்வாய்க்கு உருக்கமான வரலாறு ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது; இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். அக்காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாக, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து 1877-78-இல் வெட்டப்பட்ட பகுதிதான் இது. ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளம். அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வழங்கலாயிற்று. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கோட்டையைக் காணுமுன் இதைக் கேட்டிருப்பது நல்லது.

கோட்டையில் காலைப்பொழுது

1639-ஆம் ஆண்டு, ஆங்கிலக் கிழக்கிந்திய வணிகக் குழுவைச் சார்ந்த பிரான்சிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஒரு மணற்பரப்பில் குடியேற அனுமதி பெற்றார். அங்கு எழுந்ததே புனித ஜார்ஜ் கோட்டை. 1642-இல் எப்ரேம் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி இங்கு வந்து, கத்தோலிக்கருக்கு மேய்ப்பராகவும் சிறுவர்க்கு ஆசிரியராகவும் பணிபுரிந்தார். கோட்டைக்குள் கத்தோலிக்கருக்கென ஓர் ஆலயமும் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749-இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பகைவருக்குத் துணைபோனார்கள் என்ற ஐயம் கத்தோலிக்கர் மீது விழ, அவ்வாலயம் பின்னர் இடிக்கப்பட்டது. இன்று அதன் சுவடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நாம் காணக்கூடியது, 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்ட ஆங்கிலிக்கரின் தூய மரியாள் ஆலயம். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைவாகக் கட்டிய அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். கோட்டை முற்றுகையிடப்பட்ட காலங்களுக்கு அது சாட்சி. பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தம் பெயரை அளித்த எலிஹு யேல் 1680-இலும், இராபர்ட் கிளைவ் 1753-இலும் திருமணம் புரிந்தது இவ்வாலயத்தில்தான். தஞ்சையில் தொண்டாற்றிய ஷ்வார்ட்ஸ் அடிகளின் நினைவுச் சின்னமும் இங்குண்டு. வெளியே முற்றத்தில் பதித்துள்ள கல்லறைக் கற்களில் சிலவற்றையேனும் நின்று படியுங்கள்.

அடுத்து அருங்காட்சியகம். வணிகர் கூடும் மன்றமாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கட்டடம் அது. அதன் உச்சியில் 1796 முதல் எரிந்த விளக்கே சென்னையின் முதல் கலங்கரை விளக்கமாக விளங்கியது. உள்ளே வாள்களும் துப்பாக்கிகளும் நாணயங்களும் உள்ளன. அவற்றைக் காட்டிலும், 1947 ஆகஸ்டு 15 அன்று இதே கோட்டையில் ஏற்றப்பட்ட மூவர்ணக் கொடியின் முன் பிள்ளைகளைச் சற்று நேரம் நிறுத்துங்கள். மணற்பரப்பில் குடியேற அனுமதி கேட்டவர்கள் அரசாண்டு, பின் கொடியிறக்கிச் சென்றது வரையிலான முந்நூறு ஆண்டுக் கதை இந்த மதிலுக்குள்ளேயே தொடங்கி முடிகிறது. பதினொன்றரை மணிக்குக் கோட்டையைவிட்டுப் புறப்பட்டுவிட வேண்டும்.

உச்சி வெயிலில் சாந்தோம்

மீண்டும் ரயிலேறி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்குவோம். அங்கிருந்து சாந்தோம் பேராலயம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. நண்பகலில் முதியோரும் குழந்தைகளும் நடக்க வேண்டாம், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். இப்பகுதியிலும் லஸ் பகுதியிலும் மெட்ரோ ரயில் வேலைகள் முடியும்வரை பாதை மாற்றங்கள் இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க.

முதலில் உணவு. வீட்டிலிருந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கொண்டு வந்தால் வயிற்றுக்கும் நல்லது, செலவும் குறையும். எங்கு அமர்ந்து உண்ணலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உண்ட இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்லுங்கள். உண்டபின் அரை மணி நேரம் யாரையும் எழுப்ப வேண்டாம்.

உச்சி வெயில் வேளைக்குப் பேராலயத்தை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த கூரையின் கீழ் குளிர்ச்சியும் அமைதியும் இருக்கும்; அமர்வதற்கு இருக்கைகள் இருக்கும். திருத்தூதர் தோமையார் கி.பி. 72-இல் மறைசாட்சியாக உயிர் துறந்து இங்கு அடக்கம் செய்யப்பட்டார் என்பது வழிவழி வந்த மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் அக்கல்லறையைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் ஆலயம் எழுப்பினர். 1606-இல் மயிலை மறைமாவட்டம் உருவாயிற்று. பழைய ஆலயம் நீக்கப்பட்டு, இன்று நாம் காணும் கோபுரத்தோடு கூடிய பேராலயம் 1896-இல் நிறைவெய்தியது. 1956-இல் இது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கு வருகை தந்தார். கல்லறைச் சிற்றாலயத்துக்கு வெளியிலிருந்து தனி வழி உண்டு. மயிலை மாதாவின் பழமையான திருச்சொரூபத்தின் முன் புனித சவேரியார் செபித்தார் என்பதைப் பாட்டியே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

மூன்று மணியளவில் வெயில் தணியத் தொடங்கும்போது, பிள்ளைகளுக்கென்று ஓர் அரைமணியை விட்டுவைத்திருக்கிறோம். 1977 முதல் ஒளி வீசிவரும் இன்றைய கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து கடலையும் நகரையும் ஒருசேரக் காணலாம். அங்கு போவதா, மணலில் கால் நனைப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். நாள் முழுவதும் பெரியோர் சொற்படி நடந்தவர்களுக்கு இது உரிமை.

லஸ்ஸும் மயிலைத் தெப்பக்குளமும்

நான்கு மணிக்கு லஸ் ஆலயம். பிரகாச மாதா ஆலயம் என்பது இதன் பெயர். காட்டுக் கோயில் என்றும் மக்கள் வழங்குவர். அந்நாளில் இப்பகுதி மரமடர்ந்த காடாயிருந்ததை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. லஸ் என்பது ஒளியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. கடலில் திசை தடுமாறிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அது வழிகாட்ட வந்து சேர்ந்து, அது மறைந்த இடத்தில் இவ்வாலயத்தை எழுப்பினார்கள் என்பது மரபுக்கதை. இங்குள்ள போர்த்துகீசியக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைத் தாங்கியுள்ளது. கோட்டை பிறப்பதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முந்தைய ஆண்டு இது! காலையில் கண்டதைவிட மாலையில் காண்பது பழமையானது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க விடுங்கள்.

இறுதியாகக் கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளக் கரை. மயிலையின் பழமை, போர்த்துகீசியரையும் கடந்து பின்னே செல்வது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களைப் பாடியிருக்கிறார். சுமார் நூற்றிருபது அடி உயரமுள்ள இராசகோபுரம் 1906-இல் எழுந்தது. முற்காலத்துக் கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், கடலரிப்பால் அழிந்தது என்றும், போர்த்துகீசியரால் அழிக்கப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. பழைய கோயிலைச் சார்ந்த கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்துள்ளன. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதனைத் தம் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் நம் ஆலயம் இடிக்கப்பட்டதைக் காலையில் சொன்னோமென்றால், மாலையில் இதையும் சொல்வதுதான் நேர்மை. வரலாற்றில் தனக்கு நேர்ந்த இழப்பை மட்டும் எண்ணி வளரும் பிள்ளை அண்டை வீட்டானோடு அமைதியாக வாழக் கற்பதில்லை. கோயிலின் வழக்கங்களுக்கு மதிப்பளித்து, வழிபடுவோர்க்கு இடையூறின்றி, குளக்கரையில் நின்று கோபுரத்தின் நிழல் நீரில் விழுவதைக் கண்டு வாருங்கள். பின்னர் மாட வீதியில் சூடாக ஏதேனும் சிற்றுண்டி. திருமயிலை நிலையத்தில் ரயிலேறினால் ஏழு மணிக்கெல்லாம் கோட்டூர்புரம்.

விட்டுவைத்த இடங்கள்

"பரங்கிமலை எங்கே? சின்னமலை எங்கே? எழும்பூர் அருங்காட்சியகம் எங்கே?" என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சுமார் முந்நூறு அடி உயரமுள்ள பரங்கிமலைக்குத் தனியே ஒரு காலைப்பொழுது வேண்டும். பகலவிய எழுத்துகள் பொறித்த கற்சிலுவை 1547-இல் கண்டெடுக்கப்பட்டது அங்குதான். மலையேறும் படிகளையும், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் ஒரு பாலத்தையும் தம் கைப்பொருளால் கட்டுவித்தவர் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் நில அளவைப் பணியை 1802-இல் லாம்டன் என்பவர் தொடங்கியதும் அம்மலையை ஒட்டித்தான். படி ஏற இயலாதவர்க்கு வாகனப் பாதையும் உண்டு. திரும்பும் வழியில் சின்னமலையின் குகையையும், 1551-ஆம் ஆண்டின் பழைய ஆலயத்தையும் காணலாம். 1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, அதன் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே ஒரு பிற்பகல் வேண்டும். இவற்றை முதல் நாளோடு சேர்த்துக் குவித்தால் அமுதமும் நஞ்சாகும்.

வீடு திரும்பியதும் உடனே தொலைக்காட்சியின் முன் கலைந்து செல்லாமல், பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக அமருங்கள். அன்று கண்டவற்றுள் மனத்தில் நின்றது எது என்று ஒவ்வொருவரும் ஒரே ஒன்றைச் சொல்லட்டும். பாட்டி முதலில் சொல்லட்டும். அதன்பின் நாட்காட்டியை எடுத்து, பரங்கிமலைக்கு எந்தச் சனிக்கிழமை என்று அப்போதே குறித்துவிடுங்கள். கோட்டையும் ஆலயங்களும் இன்னும் பல்லாண்டு இருக்கும். அவற்றை நாம் எப்போது வேண்டுமானாலும் காணலாம். பெரியவர்களின் கால்களோ ஆண்டுக்காண்டு தளர்ந்து வருகின்றன. பிள்ளைகளோ பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வயதைச் சில ஆண்டுகளில் கடந்துவிடுவார்கள். இரு சாராரும் ஒருங்கே கிடைக்கும் இக்காலத்தில் அந்த ஒரு நாளைக் குடும்பமாகச் சேர்ந்து கழியுங்கள்.